பாட்டி துப்பறிந்தால் என்ன தப்பு?

மக்களே, முதல்ல ஒரு சின்ன பரீட்சை. சாய்ஸ் கிடையாது, எல்லாரும் எழுதியே ஆகணும்.

தமிழ்ல உங்களுக்குத் தெரிஞ்ச துப்பறிவாளர்கள் பேரை வரிசையா சொல்லுங்க. கணேஷ்-வசந்த். சரி. விவேக்-ரூபலா. சரி. பரத்-சுசீலா, நரேந்திரன்-வைஜயந்தி. அப்பா காலத்து ஆளுங்கன்னா சங்கர்லால். தாத்தா காலத்து ஆளுங்கன்னா துப்பறியும் சாம்பு. ஆச்சா? இப்ப அடுத்த கேள்வி. இதுல அறுபது வயசைத் தாண்டின பொம்பளை யாராவது இருக்காங்களா?

நானும் ரெண்டு நாள் யோசிச்சுப் பார்த்துட்டேன். டீக்கடையில பேரைச் சொன்னா நாலு பேருக்குத் தெரியற மாதிரி ஒரு பாட்டி, ஒரு ஆயா, ஒரு அப்பத்தா கூட நம்ம துப்பறியும் கதைகள்ல இல்லை. ராஜேஷ்குமார் ஒருத்தரே 1500 நாவலுக்கு மேல எழுதியிருக்கார். மாசா மாசம் பாக்கெட் நாவல்கள் மூட்டை மூட்டையா வந்து பஸ் ஸ்டாண்டு கடையில தொங்கின ஊர் இது. அத்தனையிலும் பாட்டிக்குக் கிடைச்ச வேஷம் என்ன? ஒண்ணு, முதல் அத்தியாயத்துல கழுத்துச் செயினோட செத்துக் கிடக்கணும். இல்லேன்னா மூணாவது அத்தியாயத்துல இருமிக்கிட்டே "எனக்கு ஒண்ணும் தெரியாது தம்பி" னு சொல்லணும். அவ்வளவுதான்.

இதைத்தான் நான் கேக்கறேன். ஏன்?

பெண்கள் எழுதலையா? எழுதினாங்களே. வை.மு.கோதைநாயகி அம்மாள் 1925ல ஜகன்மோகினி பத்திரிகையை எடுத்து நடத்தினவங்க. 115 நாவல் எழுதியிருக்காங்க, துப்பறியும் கதையும் அதுல அடக்கம். ஆக தமிழ்ல துப்பறியும் கதைக்கு நூறு வருஷத்துக்கு மேல சரித்திரம் இருக்கு, அதுல பெண் எழுத்தாளரும் இருக்காங்க. ரூபலா, சுசீலா, வைஜயந்தி மாதிரி பெண் பாத்திரங்களும் வந்தாச்சு. ஆனா அவங்க எல்லாம் இளசு. அதிலும் சுசீலாவைப் பத்திப் பேச்சு வந்தா அவங்க பனியன்ல எழுதியிருக்கற வாசகம்தான் நம்ம ஆளுங்களுக்கு ஞாபகம் வருது. மூளையைப் பத்தி யாரும் பேசறதில்லை. (சுசீலா ரசிகர்கள் கோவிச்சுக்காதீங்க, நானும் அந்த சங்கத்துல மெம்பர்தான் :-))

வெளியூர்க் கதையைப் பாருங்க. அமெரிக்காவுல அன்னா கேத்தரின் கிரீன்னு ஒரு அம்மா 1897லயே அமேலியா பட்டர்வொர்த்ங்கற கல்யாணம் ஆகாத நடுவயசுப் பெண்ணைத் துப்பறிய விட்டாச்சு. இங்கிலாந்துல அகதா கிறிஸ்டி 1927ல மிஸ் மார்ப்பிளை ஒரு சிறுகதையில கொண்டு வந்து, 1930ல முதல் நாவல் போட்டார். மொத்தம் 12 நாவல், 20 சிறுகதை. ஊசியும் நூல்கண்டுமா மூலையில உக்காந்திருக்கற கிழவி. போலீஸ்காரன் கோட்டை விட்டதை எல்லாம் அந்தக் கிழவி பிடிக்கும். அப்புறம் 1984 முதல் 1996 வரைக்கும் அமெரிக்க டிவியில ஜெசிக்கா ஃப்ளெட்சர். இப்ப ரிச்சர்ட் ஆஸ்மன் 2020ல எழுதின முதியோர் குடியிருப்புக் கதை உலகம் பூரா வித்து, 2025ல படமாவும் வந்து ஹெலன் மிர்ரன் நடிச்சாச்சு.

"அதெல்லாம் வெள்ளைக்காரன் கதைப்பா" னு சொல்ற அன்பர்களுக்கு: கல்கத்தா வெள்ளைக்கார ஊர் இல்லை. ரிதுபர்ணோ கோஷ் 2003ல கிறிஸ்டி கதை ஒண்ணை எடுத்து "சுபோ மஹுரத்" னு வங்காளத்துல படம் பண்ணினார். அதுல மார்ப்பிள் வேஷத்துல ராக்கி. வீட்டை விட்டு அதிகம் நகராத ஒரு அத்தை, பத்திரிகையில வேலை பாக்கற மருமகள் கொண்டு வர்ற செய்தியை வச்சே முடிச்சை அவிழ்க்கறாங்க. ராக்கிக்கு தேசிய விருது கிடைச்சது. அப்புறம் கல்பனா சுவாமிநாதன். மும்பையில சர்ஜன். பேரைப் பார்த்தாலே தெரியும் எந்தப் பக்கத்துக்காரங்கன்னு. அறுபதைத் தாண்டின, ரிட்டயர் ஆன போலீஸ்காரி லல்லியை வச்சு வரிசையா நாவல் எழுதியிருக்காங்க. ஆனா இங்கிலீஷ்ல. தமிழ்ல இல்லை.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம்னு கேக்கறீங்களா? சொல்றேன். இது புத்தகம் சம்பந்தப்பட்ட கோபம் மட்டும் இல்லை. 46,000 ரூபாய் சம்பந்தப்பட்டது.

எங்க தெருவுல ஒருத்தர் ஏலச்சீட்டு பிடிச்சுக்கிட்டிருந்தார். 20 பேர், ஒரு லட்ச ரூபாய் சீட்டு, மாசம் 5,000. அம்மா 11 மாசம் கட்டினாங்க. தள்ளு போகக் கையை விட்டுப் போனது 46,000. என் அடுத்த செமஸ்டருக்கும் தங்கச்சி காலேஜ் சேர்றதுக்கும்னு சேர்த்த காசு. தீபாவளிக்கு நாலு நாள் முன்னாடி ஒரு ராத்திரியில அந்த வீடு காலி.

எங்க ஆயா இதை மூணு வாரம் முன்னாடியே சொல்லுச்சு. எப்படின்னு கேளுங்க.

ஒண்ணு. பாண்லே பால். அந்த வீட்டுல எப்பவும் மாசக் கார்டு போட்டு வாங்குவாங்க. திடீர்னு கார்டை நிறுத்திட்டு அன்னன்னிக்குக் காசு குடுத்து வாங்க ஆரம்பிச்சாங்க. "காசு இல்லாதவன் கடன் சொல்வான். இவன் ரொக்கம் குடுக்கறான். அடுத்த மாசம் இங்க இருக்கப் போறதில்லைன்னு தெரிஞ்சவன்தான் கார்டு போட மாட்டான்" னு ஆயா சொல்லுச்சு.

ரெண்டு. பசங்க போற ஸ்கூல் ஆட்டோ. மாசக் கடைசியோட வேணாம்னு சொல்லிட்டாங்கன்னு ஆட்டோக்காரரே ஆயாகிட்ட புலம்பினார்.

மூணு. அந்த வீட்டு அம்மா தன்னோட ரோஜாத் தொட்டியை எல்லாம் எதிர்வீட்டுக்குத் தூக்கிக் குடுத்துட்டாங்க. "ஊருக்குப் போறவ தொட்டிக்குத் தண்ணி ஊத்தச் சொல்லிட்டுப் போவா. தொட்டியையே குடுக்கறவ திரும்பி வர மாட்டா."

இதைக் கேட்டதும் நாங்க என்ன சொன்னோம் தெரியுமா? "ஊர் வம்பு உனக்கு எதுக்கு ஆயா?" சொன்னது அப்பா. சிரிச்சது நான். பி.காம் படிக்கிற நான்! சீட்டு நடத்தணும்னா 1982 சட்டப்படி முன் அனுமதி வாங்கிப் பதிவு பண்ணணும், நடத்தறவர் எடுக்கற கமிஷன் 2019 திருத்தத்துக்கு முன்னாடி 5 சதவீதம், பின்னாடி 7 சதவீதம்னு பரீட்சைக்கு உருப்போட்டவன். எங்க தெரு சீட்டு பதிவு பண்ணினதான்னு ஒரு வார்த்தை கேக்கத் தோணலை எனக்கு. ஆயா எட்டாவது கூடத் தாண்டலை. ஆனா எங்க வீட்டுல ஆடிட்டர் வேலை பார்த்தது ஆயாதான்.

போலீஸ் ஸ்டேஷன்லயும் (எந்த ஸ்டேஷன்னு வேணாம், விடுங்க) அதே கதை. அப்பா சொன்னதை எழுதிக்கிட்டாங்க. ஆயா ஏதோ சொல்ல வாயெடுத்ததும், "பாட்டி, நீங்க அந்த பெஞ்சுல உக்காருங்க" ன்னாங்க. ஆயா சொல்ல வந்தது இதுதான்: அந்த அம்மாவோட தங்கச்சியை எந்த ஊர்ல கட்டிக் குடுத்திருக்காங்கன்னு ஆயாவுக்குத் தெரியும். கல்யாணப் பத்திரிகை வச்சப்ப கேட்டு வச்சது. நாலு மாசம் கழிச்சு அந்த ஆளைப் பிடிச்சாங்க. ஆமாம், அதே ஊர்லதான். அதுக்குள்ள பணம் கரைஞ்சு போச்சு.

இதுக்கப்புறம் நான் மிஸ் மார்ப்பிளைப் படிச்சப்ப எனக்குச் சிரிப்பு வரலைங்க. மார்ப்பிள் என்ன பண்ணும்? கொலைகாரனைப் பார்த்தா, "இவன் எங்க ஊர்ல மீன் கடையில வேலை பார்த்த பையன் மாதிரி இருக்கானே" னு ஆரம்பிக்கும். ஒரு கிராமத்து மனுஷங்களை நாற்பது அம்பது வருஷம் பார்த்த பார்வையை வச்சு, புது மனுஷனை எடை போடும். கிறிஸ்டியும் இதை ஆகாயத்துலேர்ந்து பிடிக்கலை. தன் பாட்டியோட சிநேகிதக் கிழவிகளை மனசுல வச்சுத்தான் மார்ப்பிளை உண்டாக்கினதா சுயசரிதையில சொல்லியிருக்கார். யாரைப் பத்தியும் மோசமானதையே எதிர்பார்க்கற பாட்டி, பெரும்பாலும் அது சரியாவே இருக்கும்! அந்தம்மா தன் வீட்டுத் திண்ணையைத் திரும்பிப் பார்த்தாங்க. நாம பார்க்கலை. வித்தியாசம் அவ்வளவுதான்.

சரி, எதிர்க்கட்சி வாதத்துக்கு வருவோம்.

வாதம் ஒண்ணு: "பாட்டி துப்பறியறது நம்பற மாதிரி இல்லை." அடப்பாவிங்களா! 96 பக்கத்துக்குள்ள ஒரு ஆளு ஃபாரன்சிக் லேப், ஹெலிகாப்டர், அமைச்சர் மகன் எல்லாத்தையும் சமாளிக்கறதை நம்புவீங்க. சாம்பு ஒரு பாங்க் குமாஸ்தா, முழு அசடு, அதிர்ஷ்டத்துல கால் தடுக்கி விழுந்து திருடனைப் பிடிப்பார், அதை எண்பது வருஷமா கொண்டாடுவீங்க (நானும்தான், தேவன் எழுத்து அப்படி). அசட்டு ஆம்பளை தற்செயலா கண்டுபிடிக்கலாம், புத்திசாலிக் கிழவி யோசிச்சுக் கண்டுபிடிக்கக் கூடாதா? என்ன கொடுமை சார் இது?

வாதம் ரெண்டு: "நம்ம ஊர்ப் பாட்டிங்க வீட்டை விட்டு வெளிய வர மாட்டாங்க." ஒரு நாள் காலையில நெல்லித்தோப்பு மார்க்கெட் பக்கம் வந்து பாருங்க சாமி. கூடை வச்சு விக்கறது யாரு, பேரம் பேசறது யாரு, பென்ஷன் வாங்க வரிசையில நிக்கறது யாரு, கோயில்லயும் மாதா கோயில்லயும் முதல் வரிசையில உக்காந்திருக்கறது யாரு? எல்லா இடத்துலயும் இருக்காங்க, ஆனா யார் கண்ணுலயும் பட மாட்டாங்க. துப்பறிய இதைவிட என்ன தகுதி வேணும்? வள்ளுவர் ஒற்றாடல்னு 59வது அதிகாரமே வச்சு, ஒற்றன் துறவி வேஷத்துல போகலாம்னு சொல்லியிருக்கார். அர்த்தசாஸ்திரம் இன்னும் ஒரு படி மேல போய், ஏழையான, விதவையான, துணிச்சலான பெண் துறவியை மந்திரிமார் வீடுகளுக்குள்ள அனுப்பச் சொல்லுது. ரெண்டாயிரம் வருஷம் முன்னாடியே தெரிஞ்ச விஷயத்தை பாக்கெட் நாவல்தான் மறந்து போச்சு.

வாதம் மூணு. இதுதான் கஷ்டமான வாதம். என் க்ளாஸ் தோழி ஒருத்தங்க சொன்னது. இந்தப் பதிவு எழுதப் போறேன்னு சொன்னதும் அவங்க முகம் மாறிப் போச்சு. "உங்க ஆயா பால் பாக்கெட்டை எண்ணுச்சு. எங்க தெருக் கிழவி நான் எத்தனை மணிக்கு வீட்டுக்கு வர்றேன், யார் வண்டியில வர்றேன்னு எண்ணுச்சு. அதனால என் படிப்பே நிக்க இருந்துச்சு. நீ அதைப் போய் கொண்டாடறியா?"

எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சே வரலை. ஏன்னா அது உண்மை. அதே திண்ணை, அதே கண்ணு. எந்தப் பொண்ணு எவனோட பேசினா, எந்த ஜாதிப் பையன் எந்தத் தெருவுக்குள்ள வந்தான்னு கணக்கு வைக்கறதும் அதே கண்ணுதான். அந்தக் கணக்கு சில வீடுகள்ல உயிர் போற வரைக்கும் போயிருக்கு. இதை மறைச்சுட்டு "பாட்டி வாழ்க" னு கோஷம் போட்டா நான் அயோக்கியன்.

ஆனா நல்லா யோசிச்சுப் பார்த்தேன். இதே காரணத்துக்காகத்தான் துப்பறியும் பாட்டி வேணும்னு சொல்றேன். வம்புக்கும் துப்புக்கும் என்ன வித்தியாசம்? வம்புல கடைசி அத்தியாயமே கிடையாது. "அந்தப் பொண்ணு சரியில்லை" னு ஆரம்பிச்சது அப்படியே காத்துல போய்க்கிட்டே இருக்கும், யாரும் ஆதாரம் கேக்க மாட்டாங்க, தப்பா இருந்தா யாரும் மன்னிப்பும் கேக்க மாட்டாங்க. துப்பறியும் கதையில அது நடக்காது. கடைசி அத்தியாயத்துல எல்லாரையும் உக்கார வச்சு, எதை வச்சு சந்தேகப்பட்டேன்னு ஒவ்வொண்ணா சொல்லியாகணும். சந்தேகம் தப்புன்னா தப்புன்னு ஒத்துக்கணும். எங்க ஆடிட்டிங் பேப்பர்ல இதுக்குப் பேரு வவுச்சிங். வவுச்சர் இல்லாம ஒரு என்ட்ரியும் செல்லாது.

மார்ப்பிள் கதையிலேயே இதுக்கு சாட்சி இருக்கு. 1932ல வந்த "தி தர்ட்டீன் ப்ராப்ளம்ஸ்" தொகுப்புல ஒரு கதை. மார்ப்பிளோட மருமகள் முறைப் பொண்ணு ஒருத்தி, புருஷனுக்கு விஷம் வச்சுட்டான்னு ஊரே குசுகுசுன்னு பேசும். யாரும் முகம் குடுத்துப் பேச மாட்டாங்க. அப்ப கிழவி என்ன பண்ணுது? ஊரோட சேர்ந்து பேசலை. போய் விசாரிச்சு, உண்மை என்னன்னு கண்டுபிடிச்சு, அந்தப் பொண்ணைக் காப்பாத்துது. (முடிவைச் சொல்ல மாட்டேன், படிச்சுக்கங்க.) வம்பைத் தோக்கடிக்க, வம்பு பேசறவங்க அளவுக்கு எல்லாத்தையும் கவனிச்ச ஒருத்தராலதான் முடியும்.

நம்ம டிவி சீரியல் எடுக்கறவங்க பாட்டியோட கண்ணை எங்கே திருப்பி வச்சிருக்காங்க? மருமகள் மேல. பொண்ணு மேல. சமையலறைக் கதவு மேல. வருஷக் கணக்குல இதையே பார்த்த ஒரு அம்மாவுக்கு, தன் கூர்மை எல்லாம் இதுக்குத்தான்னு தோணாதா? அதே கண்ணை சீட்டுக்காரன் மேல, போலிப் பத்திரக்காரன் மேல திருப்பின ஒரு கதை, ஒரே ஒரு கதை வந்தா என்ன குறைஞ்சு போகும்?

இந்த வகைக் கதையில குறையே இல்லைன்னு சொல்லலை. இங்கிலீஷ் கதைகள்ல சாவு குறுக்கெழுத்துப் போட்டி மாதிரி ஆயிடுது. வேலைக்காரப் பொண்ணு செத்தா டீ ஆறிப் போற அளவுக்குக் கூட யாரும் கவலைப்படறதில்லை. அதை அப்படியே ஈயடிச்சான் காப்பி அடிக்க வேணாம். நம்ம கதைக்குப் பிணமே கூட வேணாம். 46,000 ரூபாய் போதும், ஒரு குடும்பம் நிலைகுலைய.

சும்மா திட்டிட்டுப் போனா எப்படி, சரக்கு இருக்கான்னு கேப்பீங்க. இந்தாங்க, புதுச்சேரிக்குன்னே ஒண்ணு. இலவசம்.

72 வயசு ஆயா. சொல்தா வீடு. புருஷன் பிரெஞ்சு ராணுவத்துல இருந்தவர், இப்ப இல்லை, பென்ஷன் வருது. 1962ல பிரெஞ்சுக் குடியுரிமையை வச்சுக்கிட்ட குடும்பங்கள்ல பாதி பேர் பிரான்ஸ்ல இருக்காங்க, யார் எங்கே இருக்காங்கன்னு ஆயாவுக்கு அத்துப்படி. தெருக்கோடியில பூட்டின வீடு ஒண்ணு. ஒரு நாள் ஒருத்தன் வந்து, பாரீஸ்ல இருக்கற ஓனர் பவர் எழுதிக் குடுத்துட்டார், வீட்டை விக்கப் போறேங்கறான். பத்திரம் பக்காவா இருக்கு. வக்கீல் ஓகே சொல்லிட்டார். ஆயா பத்திரத்துல தேதியை மட்டும் படிச்சுக் காட்டச் சொல்லுது. அந்த ஓனர் அதுக்கு முந்தின வருஷமே போய்ச் சேர்ந்துட்டார்னு ஆயாவுக்குத் தெரியும். நவம்பர் 2, கல்லறைத் திருநாள் பூசையில அவர் பேரை வாசிச்சப்ப ஆயா அங்க இருந்துச்சு. செத்தவர் கையெழுத்துப் போட முடியாது. உயிரோட இருந்தப்பவே குடுத்திருந்தாலும் குடுத்தவர் செத்ததும் பவர் பொதுவா செல்லாது, 1872 ஒப்பந்தச் சட்டம் 201வது பிரிவு (பி.காம் ரெண்டாம் வருஷம், அஞ்சு மார்க்). வெளிநாட்டுல இருக்கறவங்க வீட்டுக்குப் போலிப் பத்திரம் போடறது இந்த ஊர் ஜனங்களுக்குத் தெரியாத விஷயமா? இதுக்கு ஹெலிகாப்டர் வேணுமா? பூசைக்குப் போற பழக்கம் இருந்தா போதாதா?

கடைசியா ஒரு விஷயம். தமிழ்ல "துப்பு" ங்கற வார்த்தைக்கு ரெண்டு அர்த்தம். ஒண்ணு தடயம். இன்னொண்ணு திறமை, வக்கு. "துப்புக் கெட்டவன்" னு திட்டறோமே, அது. எங்க ஆயாகிட்ட ரெண்டு துப்பும் இருந்துச்சு. கேக்கறதுக்கு எங்களுக்குத்தான் துப்பு இல்லாம போச்சு.

அதனால எழுத்தாள அண்ணன்மார்களே, அக்காமார்களே, ஒரு பாட்டியைத் துப்பறிய விடுங்க. நண்பர்களே, நீங்க அதுவரைக்கும் ஆஸ்மன் புத்தகத்தைக் கீழ வச்சுட்டு, இன்னிக்கு ராத்திரி உங்க வீட்டு ஆயா பக்கத்துல பத்து நிமிஷம் உக்காந்து, "தெருவுல என்ன ஆயா விசேஷம்?" னு கேளுங்க. என்ன சொன்னாலும் முதல்ல சிரிக்காதீங்க. எப்படித் தெரியும்னு கேளுங்க.

டிஸ்கி 1: ஆயாவுக்கு இதைப் படிச்சுக் காட்டினேன். "ரோஜாத் தொட்டி நாலு இல்ல, அஞ்சு" ன்னுச்சு. நான் எங்கயும் நாலுன்னு எழுதலை. ஆனாலும் வவுச்சிங் பண்ணிட்டுத்தான் விட்டுச்சு.

டிஸ்கி 2: சீட்டு கட்டறவங்க பதிவு நம்பரைக் கேட்டு வாங்கிக்கங்க. பட்டவன் சொல்றேன்.